நியோபெட்ஸ்: சட்டை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நியோபெட்ஸ் 1999-இல் வந்த, இணையத்தில் கற்பனைப் பிராணிகளை வளர்க்கும் விளையாட்டு. மலேசியாவின் சுங்கை சிப்புட் சைபர் கஃபேகளில் அதை விளையாடியவர்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் தம்பி தங்கைகள் கைப்பேசியில் விளையாடுகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே மேசையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால் வாக்குவாதம் நிச்சயம்: பிராணிக்குச் சட்டை மாட்டியது நல்லதா, கெட்டதா?

வம்பு தொடங்கியது 2007 ஏப்ரலில். அதற்கு முன், ஒரே இனத்துப் பிராணி என்றாலும் ‘வண்ணம்’ எனப்படும் தோற்ற வகை மாறினால் நிற்கும் விதமும் முகபாவமும் மாறலாம். ஃபேரி, டாரிகன், ராயல், பிளஷி போன்ற விலையுயர்ந்த வண்ணங்களுக்குத் தனித்தனி ஓவியம் இருந்தது. உடை அணியும் வசதி வந்ததும் அது செல்லுபடியாகவில்லை. ஒரு நிலையில் வரைந்த தொப்பி, தலையைச் சாய்த்து நிற்கும் இன்னொரு ஓவியத்தில் உட்காராதே! அதனால் இனத்துக்கு ஓர் உடல்வாகு என்று முடிவு செய்து, பெரும்பாலான பிராணிகளை அதற்கேற்ப மாற்றி வரைந்தார்கள். ஒரே அளவில் சீருடை தைத்துவிட்டு வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் அதற்குள் நுழைத்த கதைதான். ஓவியம் பொருந்தாத சில பிராணிகளைப் பழையபடியே வைத்துக்கொள்ள உரிமையாளர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அவற்றுக்குச் சட்டை கிடையாது. ஒருமுறை மாற்றினால் திரும்பி வரவும் முடியாது.

மூத்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் குற்றம் சட்டையில் இல்லை, அச்சில் வார்த்தது போன்ற அந்த நிற்கும் விதத்தில்தான். உடுத்திப் பார்ப்பது உண்மையிலேயே சுவையான வேலை.

உடுத்துவதில் பலரும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. ஒவ்வோர் உடையும் உடலில் ஓர் இடத்தைப் பிடிக்கும். அதே இடத்துக்கு இன்னொன்றை மாட்டினால் முதலில் இருந்தது கழன்றுவிடும். இரண்டு தொப்பி போட்டுப் பார்த்து ‘கெட்டுப்போச்சு’ என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். பேபி, மியூட்டன்ட், மராக்குவன் வண்ணங்களுக்கு உடலே வேறு. சாதாரணப் பிராணிக்குத் தைத்த சட்டை அவற்றுக்கு ஏறாது. எனவே முதலில் வண்ணத்தை முடிவு செய்யுங்கள், பிறகு உடை. ராயல், பைரேட் போன்றவை ஆடையோடு வருகின்றன. பின்னர் வேறு வண்ணம் பூசினாலும் அந்த ஆடை அலமாரியில் இருக்கும், அதே இனத்துப் பிராணிக்கு மாட்டலாம்.

வாங்குவதற்கு முன் ‘டிரெஸ் டு இம்ப்ரெஸ்’ என்ற ரசிகர் தளத்தில் பிராணியின் இனத்தையும் வண்ணத்தையும் கொடுத்து உடையைப் போட்டுப் பாருங்கள். இலவசம்தான். ரோப்லாக்ஸில் இதே பெயரில் வேறொரு விளையாட்டு உண்டு, சின்னப் பிள்ளைகள் அங்கே போய் நிற்பார்கள்.

2024-இல் விளையாட்டுக்குள் திறந்த ஸ்டைலிங் ஸ்டூடியோ என்ற கடை பழைய ஓவியங்களை ‘பாணி’ என்ற பெயரில் திருப்பித் தருகிறது, காசுக்கு. பாணியை மாட்டினால் பழைய தோற்றம் வரும். அடியில் இருக்கும் இனமும் வண்ணமும் மாறாது. ஆனால் சட்டை, காலணி எதுவும் ஏறாது. பின்னணிப் படம் போன்றவற்றோடு திருப்திப்பட வேண்டியதுதான். பழைய ஓவியத்துக்காக ஏங்குபவருக்கு இது சரி. உடுத்திப் பார்க்கும் ஆசையோடு வாங்கினால் பணம் வீண்.

அந்தக் காசுதான் நியோகேஷ், உண்மைப் பணம் கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயம். கணக்கு 100-க்கு ஒரு அமெரிக்க டாலர். ரிங்கிட்டில் எவ்வளவு கழியும் என்பது அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்தது. வங்கிக் கட்டணமும் சேரலாம். விளையாடியே சம்பாதிக்கும் நியோபாயிண்டில் கிடைக்கும் உடைகளே ஆறு மாதத்துக்குப் போதும், அவசரப்பட வேண்டாம்.

வீட்டில் இரண்டு கணக்கு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அக்கா நியோகேஷில் வாங்கிய சட்டையைத் தம்பிக்கு அப்படியே தள்ளிவிட முடியாது. பரிசுப் பெட்டி ஒன்று வேண்டும், அதையும் நியோகேஷ் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சட்டைக்கு ஒரு செலவு, அதைக் கட்டிக் கொடுக்க இன்னொரு செலவு!