பாங்காக்கின் ஆரஞ்சுக் கொடிப் படகு: தனியாகப் போகிறவர்களுக்கு

தனியாகப் பயணம் செய்கிறவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் சத்தமில்லாமல் ஒரு தண்டம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். விடுதி அறையின் வாடகை இரண்டு பேருக்கானது. வாடகைக் காரில் ஒருவர் ஏறினாலும் நான்கு பேர் ஏறினாலும் மீட்டர் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. பாங்காக்கில் நீண்ட வால்போல மோட்டாரைத் தொங்கவிட்டுக்கொண்டு விரையும் படகை அமர்த்த வேண்டுமானால், ஏறுவது ஒரே ஆளாக இருந்தாலும் படகு முழுவதற்கும் பேரம் பேச வேண்டும். அந்த ஊரில் ஒரு முழுப் பகலைத் தனியாகக் கழித்த நான், தலைக்கு இவ்வளவு என்று மட்டும் கணக்குப் பார்க்கிற ஒரு வண்டியைக் கண்டுபிடித்தேன். சாவோ பிராயா ஆற்றில் ஓடும் ஆரஞ்சுக் கொடிப் படகுதான் அது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும், நான் போனபோது, 16 பாட். அன்று ஆறு தடவை ஏறி இறங்கினேன். 96 பாட் ஆயிற்று.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் சாத்தோன் துறை. நகருக்குள் மேம்பாலத்தில் ஓடும் ரயிலின் சபான் தாக்சின் நிலையத்திலிருந்து படியிறங்கினால் துறை எதிரிலேயே இருக்கிறது. அங்கே நிற்கும் படகுகளின் பின்புறக் கொடியின் நிறத்தைப் பார்க்காமல் ஏறக் கூடாது. நீலக் கொடி சுற்றுலாப் படகு; அறிவிப்பு, அகலமான இருக்கை எல்லாம் உண்டு, நாள் சீட்டுக்கு 150 பாட் கேட்டார்கள். ஆரஞ்சுக் கொடி, அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிற ஊர்க்காரர்களின் படகு. சுற்றுலாப் படகைப் பழிக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை. ஆனால் அது வடக்கே நோந்தபுரி வரைக்கும் போவதில்லை, எனக்கோ கடைசித் துறை வரை போயே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தது.

காலை ஏழரை மணிக்கு ஏறியபோது உட்கார இடமில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை நோக்கி நடத்துநர் அம்மாள் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவர் கையில் முழங்கை நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய். அதன் மூடியைத் திறந்தும் மூடியும், உள்ளே கிடக்கும் சில்லறையைக் குலுக்கியும் அவர் எழுப்புகிற சத்தமே "சீட்டு வாங்காதவர்கள் யார்" என்ற கேள்வியாகிவிடுகிறது. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. 20 பாட் தாளை நீட்டினேன். குழாயைப் பிளந்து, ஒரு பக்கத்தில் சுருண்டிருந்த சீட்டைக் கிழித்து, மறு பக்கத்திலிருந்து நான்கு நாணயங்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு நகர்ந்த அவர், படகு ஆடிய ஆட்டத்தில் ஒரு தடவைகூட எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. நம் ஊர்ப் பேருந்துகளின் தோல் பையை நினைத்துக்கொண்டேன். 1,000 பாட் தாளோடு ஏறுவது அவருக்குச் செய்கிற அநியாயம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படகு துறையில் நிற்கிற நேரம் மிகக் குறைவு. பின்பக்கம் நிற்கும் ஆள் விசிலடித்தே ஓட்டுநருக்கு வழி சொல்கிறார். நீண்ட விசிலுக்கு ஒரு பொருள், வெட்டி வெட்டி அடிப்பதற்கு இன்னொரு பொருள். பழைய டயர்கள் தொங்கும் மிதவையில் படகு இடிக்கும்போதே கயிற்றைக் கம்பத்தில் சுற்றிவிடுகிறார், கயிறு இறுகிய அடுத்த நொடியே இறங்குகிறவர்கள் தாவுகிறார்கள். இறங்க வேண்டிய துறைக்கு முந்தைய துறையிலேயே எழுந்து பின்பக்கம் வந்துவிட வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போன பிறகு; தவறு முழுக்க என்னுடையது, சன்னலோரம் கிடைத்த பெருமையில் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, துறைகளுக்கு எண் உண்டு. சாத்தோனிலிருந்து வடக்கே போகப் போக எண் ஏறிக்கொண்டே போகும், நோந்தபுரி 30. பெயர்களை உச்சரிக்கத் தெரியாதவர்கள் எண்ணைச் சொல்லியே சமாளித்துவிடலாம்.

பின்பக்கத்தில் பிக்குகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெண்கள் அவர்கள்மீது படக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம். காவி உடுத்த முதியவர் ஒருவர் ஏறியபோது, அத்தனை நெரிசலிலும் பெண்கள் அனைவரும் யாரும் சொல்லாமலே ஒரு முழம் ஒதுங்கினார்கள், நானும் ஒதுங்கினேன். பெண்ணாகத் தனியே போகிறவர்கள் கேட்கிற பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கும் இந்தப் படகிலேயே பதில் இருக்கிறது. சீருடைப் பிள்ளைகளும் கூடைக்காரப் பெண்களும் நிறைந்த படகில் என்னை உற்றுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

6ஆம் எண் துறை, 1932இல் திறக்கப்பட்ட நினைவுப் பாலத்தின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் பாக் க்லோங் தலாத் மலர்ச் சந்தை. செவ்வந்தி மூட்டைகளும் ஐஸ் கட்டிமேல் கிடத்திய மல்லிகை மொட்டுகளும் நமக்குப் பழகியவைதாம். ஆனால் தொடுப்பது வேறு விதம். நாரில் முடியாமல், நீண்ட ஊசியில் மொட்டுகளை வட்டவட்டமாகக் கோத்து, உருட்டிய திரிபோல இறக்குகிறார்கள். அதற்குப் பெயர் "புவாங் மாலை" என்று கடைக்காரப் பெண் சொன்னபோது இரண்டாவது சொல் எனக்கு விளங்கிவிட்டது.

8ஆம் எண் தா தியென் துறையில் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் நான் எழுதவில்லை. அதே துறைப் பக்கத்திலிருந்து எதிர்க்கரை வாட் அருணுக்கு 5 பாட் படகு ஓடுகிறது. கதிரவனுக்குத் தேரோட்டும் அருணனின் பெயர் தாங்கிய அந்தக் கோபுரத்தை அருகில் போய்ப் பார்த்தால், தூரத்தில் சிற்பமாகத் தெரிந்ததெல்லாம் சீனப் பீங்கான் தட்டுகளும் சில்லுகளும்; ஒரு பூவின் நடுவில் முழுச் சிறுதட்டே பதிந்திருந்தது.

திரும்பி வந்து ஒரு துறையில் நின்றபோது, நன்றாக உடுத்திய ஒருவர் அருகில் வந்து, பாங்காக்கின் பெரிய அரண்மனை இன்று மூடியிருக்கிறது என்றும், தன் படகில் 1,500 பாட்டுக்குக் கால்வாய்களைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். அரண்மனை திறந்துதான் இருந்தது. தனியாக நிற்கிறவர்களிடம் இந்தப் பேச்சு அதிகம் வரும்; பதில் சொல்லாமல் ஆரஞ்சுக் கொடிக்குக் காத்திருப்பதே நல்லது.

மதிய உணவுக்கு 10ஆம் எண் வாங் லாங். 1888இல் தொடங்கிய சிரிராஜ் மருத்துவமனையை ஒட்டிய சந்தை என்பதால் தாதியரும் மாணவர்களும் சாப்பிடுகிற விலையில் எல்லாம் கிடைக்கிறது. சைவர்கள் மட்டும், முழுச் சைவ உணவைக் குறிக்கும் "ஜே" என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்து தெரிகிற கடையைத் தேட வேண்டும். வெறும் காய்கறி என்று கேட்டால் மீன் சாறு ஊற்றிய காய்கறிதான் வரும்.

அன்றைய நாளின் சிறந்த பகுதி, எதையும் பார்க்காமல் நோந்தபுரி வரை சும்மா உட்கார்ந்து போனதுதான். வாங் லாங்கைத் தாண்டியதும் பயணிகள் குறைந்து, இருக்கை கிடைத்தது. 2002இல் திறந்த எட்டாம் ராமா பாலத்தின் ஒற்றைத் தூண் கம்பிகள் தலைக்கு மேலே விரிந்து விலகின. ஆகாயத் தாமரைத் திட்டுகள் மிதந்து வந்தன. ஒரு சிறிய இழுவைப் படகு, தன்னைப் போல் பல மடங்கு பெரிய தோணிகளை வரிசையாகக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர்ந்தது, கடைசித் தோணியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இதே 16 பாட்டுக்குள் இந்த ஒரு மணி நேரமும் அடக்கம்.

குறைகள் உண்டு. காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய் வருகிற நேரத்தில் பெரிய பையோடு ஏறுவது மற்றவர்களுக்குத் துன்பம். வெளிப்பக்கம் உட்கார்ந்தால் தண்ணீர் தெறிக்கும். முதியவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் மிதவைக்கும் படகுக்கும் இடையிலான தாவலை யோசித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு நீலக் கொடியையே பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஆரஞ்சுக் கொடி இருட்டிய பின் நெடுநேரம் ஓடாது என்பதுதான். திரும்பும் வழியில் 13ஆம் எண் பிரா ஆத்தித்தில் இறங்கி, 1783இல் கட்டிய வெள்ளைக் கோட்டையருகே பொழுது சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், ஆறு மணிப் படகை ஓடிப்போய்த்தான் பிடித்தேன். விருந்துக் கப்பல்கள் விளக்கேற்றிப் புறப்படுகிற நேரத்தில் அந்த எளிய படகு சாத்தோனில் என்னை இறக்கிவிட்டது. கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.