பழைய வேனுக்குள் கூலண்ட் கசிவு: தேடிப் பிடித்த விதமும் சரிசெய்த பின் ஓட்டிய அனுபவமும்

வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனாலும் ரிசர்வ் டேங்கில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மட்டம் வாராவாரம் இறங்கிக்கொண்டே வருகிறது. பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு வரும் தலைவலிகளில் மோசமான ஒன்று இது. என் வேனிலும் இதுதான் நடந்தது. முன்பக்கம் ஒரு ஹீட்டர், நடு சீட்டுக்கு அடியில் இன்னொரு ஹீட்டர் என இரண்டு ஹீட்டர் உள்ள வண்டி அது. கசிவைக் கண்டுபிடித்து, பாகம் மாற்றி, அதன்பின் வெயில், மழை, குளிர் எல்லாக் காலத்திலும் சில வருடங்கள் ஓட்டியாகிவிட்டது. எது நிலைத்தது, எந்தச் செலவு தேவையே இல்லாதது என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடியும்.

முதலில் அறிகுறிகள். ஹீட்டரைப் போட்டதும் லேசான இனிப்பு வாடை வந்தது. கண்ணாடியில் பனி மாதிரி ஒரு படலம் படிந்தது, துணியால் துடைத்தால் போகாமல் எண்ணெய்போல இழுவியது. சாதாரண ஈரமாக இருந்தால் துடைத்ததும் போய்விடும், இழுவாது. ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினிலிருந்து வரும் சூடான கூலண்ட் அதற்குள் ஓடும், புளோயர் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். அங்கே கசிந்தால் கூலண்ட் ஆவி நேராக நம் மூக்குக்கும் கண்ணாடிக்கும்தான் வரும்.

கார்பெட்டில் ஈரம் இருந்தால் அது கூலண்ட்தானா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். ஏசியின் டிரெயின் குழாய் அடைத்துக்கொண்டாலும் முன் சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும். அது நிறமில்லாமல், வாடையில்லாமல் இருக்கும், விரலில் தேய்த்தால் வழுக்காது. கூலண்ட் வழுவழு என்றிருக்கும், வெள்ளைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தால் நிறம் தெரியும். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

கீழே சொட்டாமல் கூலண்ட் குறைந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு: ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அது போயிருந்தால் கூலண்ட் எஞ்சினுக்குள் நுழைந்து எரியும், சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும், ஆயில் பால்போல் கலங்கலாம். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. எஞ்சினுக்குள் எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். என் வண்டியில் நீலம் நீலமாகவே இருந்தது. சரி, கசிவு வண்டிக்குள்தான் என்று உறுதியானது.

இங்கேதான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். வேனுக்குள் கசிவு என்றாலே முன் ஹீட்டர் கோர்தான் என்று முடிவு கட்டி, டேஷ்போர்டைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கும் மெக்கானிக் அதைத்தான் சொன்னார்: "டேஷ்போர்டை இறக்கிடலாம் சார், கோர் மாத்துனா முடிஞ்சுது." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வழக்கமாக அதுதான் போகும். ஆனால் பழைய வண்டியில் டேஷ்போர்டை இறக்குவது லேசான விஷயமில்லை. வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே உடையும். ஒருமுறை கழற்றினால் அப்புறம் ஆயுசுக்கும் கடகடவென்று சத்தம் போடும். கசியும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் அதில் கை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எனக்குச் சந்தேகம் தந்தவை இரண்டு. முன் ஹீட்டர் கோர் கசிந்தால் படலம் முதலில் முன் கண்ணாடியில்தான் படியும், பனி நீக்கும் டிஃபாஸ்டர் காற்று அங்கேதான் அடிக்கிறது. என் வண்டியில் பக்கவாட்டுக் கண்ணாடிகளில்தான் அதிகமாகப் படிந்தது. இரண்டாவது, முன் சீட்டுப் பக்கக் கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்திருந்தது, அடியிலுள்ள ஃபோம் மட்டும் நனைந்திருந்தது. மேலிருந்து சொட்டியிருந்தால் மேல்பக்கம்தான் முதலில் நனையும். அடியில் மட்டும் ஈரம் என்றால் அது எங்கிருந்தோ தரையோடு ஓடி வந்திருக்கிறது. இறக்கத்தில் முன்பக்கமாகச் சாய்த்து வண்டியை நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னால் கசிந்தது முன்னால் வந்து தேங்கும்.

அடுத்து பிரஷர் டெஸ்டர். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் இதைப் பொருத்திக் கையால் பம்ப் செய்து, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக 13 பிஎஸ்ஐ அல்லது 16 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்று மூடியில் போட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் பழைய கோர் இருக்கிற இடத்திலேயே வெடித்துவிடலாம், இல்லாத கசிவை நாமே உண்டாக்கியதாகிவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

டெஸ்டரை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, முடிந்தால் விடிகாலையில் போடுங்கள். ஹோஸ் (ரப்பர் குழாய்) இணைப்புகளில் வரும் கசிவு பல நேரம் குளிர்ந்திருக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ரப்பரும் உலோகமும் வேறுவேறு அளவில் சுருங்குவதால், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பின் பிடி தளர்கிறது. சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் பட்டறையில் சூடு முழுதாக ஆறாமல் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. என் வண்டியில் காலையில் ஏற்றிய அழுத்தம் மெதுவாக இறங்கியது, ஓட்டிவிட்டு வந்து, மூடியைப் பாதுகாப்பாகத் திறக்கும் அளவுக்கு ஆறியதும் பார்த்தால் முள் அசையவில்லை.

முள் இறங்குகிறது என்றால் கசிவு இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். இடத்தைப் பிடிக்க, ஒவ்வொரு ஹீட்டராகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஹீட்டர் உள்ள வேனில் இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரியாது. முதலில் முன் ஹீட்டரின் இரண்டு ஹோஸ்களையும் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகடு) பக்கம் கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு அழுத்தம் ஏற்றினோம். முள் அப்போதும் இறங்கியது. முன் ஹீட்டரைத் திரும்ப இணைத்துவிட்டு, பின் ஹீட்டருக்குப் போகும் கிளையை அதேபோல் பிரித்தோம். முள் அப்படியே நின்றது. டேஷ்போர்டில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை, குற்றவாளி பின் ஹீட்டர் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது.

இதைச் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய ஹோஸைக் குறடால் நசுக்கி அடைக்காதீர்கள், காய்ந்த ரப்பர் உள்ளே விரிசல் விடும். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் முறுக்கி இழுக்காமல் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள், புது ஹோஸ் போட்டுக்கொள்ளலாம். ஹீட்டர் கோரின் குழாய் மிக மெல்லியது, முறுக்கினால் அதன் அடியே கிழிந்துவிடும். இன்னொன்று, கழற்றிய ஹோஸ்களை அடைத்துவிடாமல் ஒன்றோடொன்று இணைக்கத்தான் வேண்டும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் வரை கூலண்ட் சுற்றிவருவதே ஹீட்டர் வழியாகத்தான். அவசரத்துக்கு இப்படி இணைத்து வண்டியை ஓட்டலாம், ஹீட்டரும் கண்ணாடிப் பனி நீக்கமும் மட்டும் இருக்காது.

நடு சீட்டை எடுத்து, பின் ஹீட்டரின் மேல்மூடியைக் கழற்றியதும் விஷயம் கண்ணெதிரே இருந்தது. ஹோஸ் முனையில் கிளாம்புக்கு ஒட்டி, காய்ந்த கூலண்ட் உப்புப்போல வெளிறிய பச்சையில் பூத்திருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய கோடு கீழிறங்கித் தரைத் தகட்டின் பள்ளத்தில் சேர்ந்து, அங்கிருந்து கார்பெட்டுக்கு அடியில் போயிருந்தது. கிளாம்பை இறுக்கினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஹோஸை உரித்துப் பார்த்தோம். உள்ளே மூடிக்கிடந்த குழாய் முனை முழுக்க அரித்துப் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழிகளின் மேல் எந்தக் கிளாம்பும் நிற்காது. ஹோஸின் உள்பக்கமும் முனையில் நீளவாக்கில் கீறல் விட்டிருந்தது. வெளியே தொட்டால் புதிதுபோல் இருந்த ஹோஸ் அது. ஹோஸின் நடுவில் அமுக்கிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை, முனைகளை விரலால் கிள்ளிப் பாருங்கள், கீறல் விட்டிருந்தால் நடுப்பகுதியைவிட அங்கே தளர்வாக இருக்கும்.

பின் ஹீட்டர் கோர், அதற்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள், கிளாம்புகள், ரேடியேட்டர் மூடி எல்லாம் மாற்றினோம். கிளாம்பில் திருகு வகையை விட்டுவிட்டு ஸ்பிரிங் வகைக்குப் போனேன். ரப்பர் சுருங்கினாலும் விரிந்தாலும் ஸ்பிரிங் கிளாம்ப் கூடவே சுருங்கி விரியும். இதுவரை ஒன்றைக்கூடத் தொட வேண்டிவரவில்லை. திருகு கிளாம்ப்தான் கிடைக்கிறது என்றால், சில முறை சூடாகி ஆறிய பின் இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள். மூடியை மாற்றும்போது அதே அழுத்த அளவில்தான் வாங்க வேண்டும். அதிக அழுத்த மூடி போட்டால் கொதிநிலை கொஞ்சம் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தம் முழுவதும் பழைய கோரின் மேலும் பழைய ஹோஸின் மேலும்தான் விழும்.

கசிவை அடைக்கும் பொடியையும் திரவத்தையும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரேடியேட்டரில் ஊற்றினால் போதும், ஓட்டை தானாக அடைபடும் என்பார்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவலாம். ஆனால் ஹீட்டர் கோரின் குழல்கள் மிகக் குறுகலானவை, அந்தப் பொருள் ஓட்டையை அடைப்பதோடு அவற்றையும் சேர்த்து அடைக்கும். அதுவும் என் வண்டியைப்போல அரித்துப்போன குழாய் முனையில் அது எதைப் பிடித்து நிற்கும்? நான் ஊற்றவில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

பாகங்களை மாற்றியதோடு வேலை பாதிதான் முடிகிறது. திரும்ப நிரப்பும்போது காற்று மாட்டிக்கொண்டால் எஞ்சின் சூடேறும், ஹீட்டரில் குளிர்காற்று வரும். பின் ஹீட்டர் உள்ள வேனில் குழாய் நீளம் அதிகம், காற்று ஒளிந்துகொள்ள இடமும் அதிகம். ரேடியேட்டர் வாய் உயரமாக இருக்கும்படி முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, இரண்டு ஹீட்டரையும் முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றினோம். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, குறைந்ததை ஊற்றி, மறுபடியும் அதையே செய்தோம். முதல் சில நாட்கள் மட்டம் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம், அது வெளியேறிய காற்றின் இடம். அதன்பின்னும் இறங்கினால்தான் யோசிக்க வேண்டும். டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். கூலண்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், எஞ்சின் கொதிக்கும்போதுகூட முள் குறைவாகக் காட்டலாம். ஹீட்டர் காற்று திடீரென்று குளிர்ந்தால் அதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டுங்கள்.

கூலண்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். நிறத்துக்கு எந்தப் பொது விதியும் கிடையாது, ஒரே பச்சையில் இரண்டு வேறு வகை வரும். ஒத்துப்போகாத வகைகள் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் வலுவிழக்கும், சிலநேரம் கூழாகவும் திரியும். கலப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு நீக்கிய தண்ணீர்தான் சரி. என் குழாய் முனை அரித்ததற்குப் பழைய கூலண்டை மாற்றாமல் வெறும் தண்ணீரையே ஊற்றி வந்த முந்தைய பராமரிப்புதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அரிப்புத் தடுப்பு மருந்து தீர்ந்துபோன கூலண்ட், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் உலோகத்தைத் தின்னும்.

கடைசியாகக் கார்பெட். இதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. எத்திலீன் கிளைக்காலின் கொதிநிலை 197 டிகிரி செல்சியஸ். தண்ணீர்போலக் காற்றில் காய்ந்துவிடாது, அதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கதவைத் திறந்துவைத்து வெயிலில் நிறுத்தினால் மேல்பக்கம் காயும், அடி ஃபோம் ஈரமாகவே கிடக்கும். கார்பெட்டை முழுவதும் எடுத்து, தண்ணீர் விட்டுப் பலமுறை அலசி, தரைத் தகட்டைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் வாடை குறைந்தது. நனைந்த ஃபோமைத் தூக்கிப்போட்டுப் புதிது வைத்ததும்தான் அறவே நின்றது. சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர் கனெக்டர்களையும் அப்போதே பிரித்துப் பார்த்தோம், ஒன்றில் பச்சை பூத்திருந்தது. அதை விட்டிருந்தால் வேறொரு நாள் வேறொரு கோளாறாக வந்து நின்றிருக்கும். அலசிய தண்ணீரையும் இறக்கிய கூலண்டையும் தெருவிலோ சாக்கடையிலோ விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே அவற்றின் சிறுநீரகம் செயலிழக்கும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடி போட்ட கேனில் பிடித்து, கழிவு எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுப்பதே சரி.

இப்போது நிலவரம்: ரிசர்வ் டேங்கில் ஒரு டேப் ஒட்டி மட்டம் குறித்துவைத்திருக்கிறேன், எஞ்சின் ஆறியிருக்கும் காலைகளில் மட்டும் பார்ப்பேன். மட்டம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. கண்ணாடியில் படலம் இல்லை, பின் சீட்டில் குளிர்காலத்திலும் நல்ல சூடு வருகிறது. முன் ஹீட்டர் கோர் இன்னும் பழையதுதான். அது ஒருநாள் கசிந்தாலும் முதலில் கோரோடு குழாய் சேரும் இடத்து ஓ-ரிங்கைத்தான் பார்ப்பேன், பல வண்டிகளில் கசிவது அந்தச் சின்ன ரப்பர் வளையம்தான். அதுவும் சரியாக இருந்தால் பேட்டரியைக் கழற்றி, ஏர்பேக் மின்சாரம் இறங்கக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு, அதன்பிறகே டேஷ்போர்டில் கை வைப்பேன்.