பிரசங்க மேடையிலிருந்து பாராளுமன்றத்துக்கு: ஓஃப்டடாலா, போன்டெவிக்கா?

நார்வேயில் போதகர்கள் அரசியலுக்கு வருவது பழைய வழக்கம். 1814-இல் எய்ட்ஸ்வோல்லில் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களிலேயே போதகர்கள் இருந்தார்கள். அந்த வரிசையில் இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாமவர் ஸ்டவாங்கர் நகரத்து லூத்தரன் போதகர் லார்ஸ் ஓஃப்டடால் (1838–1900). கார்டிஃப் துறைமுகத்தில் நார்வே மாலுமிகளுக்கு ஊழியம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். ஜெப வீடு கட்டினார், அனாதை இல்லம் தொடங்கினார், 1878-இல் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். அப்புறம் ஸ்டோர்டிங், அதாவது பாராளுமன்றம். அவர் பிரசங்கம் கேட்ட கூட்டம்தான் அவருக்கு ஓட்டும் போட்டது. 1891 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் ஒழுக்கம் தவறி நடந்ததாகப் பிரசங்க மேடையில் நின்றே அறிக்கையிட்டார். போதகர் வேலை அதோடு முடிந்தது. ஆனாலும் மனிதர் முடங்கவில்லை. 1893-இல் அவர் தொடங்கிய ‘ஸ்டவாங்கர் ஆஃப்டன்பிளாட்’ நாளிதழ் இன்றும் வெளிவருகிறது.

ஷெல் மாக்னே போன்டெவிக் வந்த வழி வேறு. 1979-இல் குருப்பட்டம் பெறும்போதே அவர் ஆறு வருட ஸ்டோர்டிங் அனுபவம் உள்ளவர். 1997-இல் கிறிஸ்தவ மக்கள் கட்சியின் சார்பில் பிரதமரானார். 1998 ஆகஸ்ட் கடைசியில் படுக்கையை விட்டு எழ முடியாத நிலை. ‘காய்ச்சல்’ என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். மன அழுத்த நோய் என்றே நாட்டுக்கு அறிவித்துவிட்டு விடுப்பில் போனார். மூன்று வாரத்துக்கும் மேல் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஒன்று பாவம், மற்றது நோய். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கக் கூடாதுதான். நான் பார்ப்பது வேறு. ஓஃப்டடாலின் செல்வாக்கு முழுக்க அந்த மேடையில் இருந்தது. மேடை சரிந்ததும் அவரை நம்பியிருந்தவர்களும் நிலைகுலைந்தார்கள். போன்டெவிக் கட்சி வழியாக வளர்ந்தவர். பதவி போனாலும் அது அரசியல் கணக்கில்தான் போனது: 2000 மார்ச்சில் எரிவாயு மின்நிலையப் பிரச்சினையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று இறங்கினார்.

நிறுவனங்களைக் கட்டும் திறமையில் ஓஃப்டடாலுக்குத்தான் என் ஓட்டு. ஒரு போதகர் அதிகாரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் போன்டெவிக்கைக் காட்டுவேன். மன அழுத்தத்தை ஒளிக்காத அந்த மனிதரை நார்வே 2001-இல் மறுபடியும் பிரதமராக ஏற்றது. 2002 பிப்ரவரியில் நார்வேயின் அனுசரணையோடு இலங்கைப் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஒஸ்லோவில் பிரதமர் நாற்காலியில் இருந்தவர் அவர்தான்.