நான்கு ஆண்டுகள் டேக்ரான் நாணோடு

வெடித்திருந்த என் வில்லின் முனையில் கொம்புத் துண்டை ஒட்டி, அரம் போட்டு, மெருகேற்றி முடித்த அன்றுதான் நண்பர் கேட்டார்: நாண் முறுக்க எந்த நூல் வாங்கலாம்? டேக்ரான் வாங்குங்கள் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் ஆறவில்லை.

என்னுடையது 45 பவுண்டு இழுவிசை உள்ள மரவில். நான்கு ஆண்டுகளாக நாணை நானே முறுக்கிக்கொள்கிறேன், பெரும்பாலும் டேக்ரான் எனப்படும் பாலியெஸ்டர் நூலில். 14 இழைகள், ஏழேழாக இரண்டு புரி, ஃபிளெமிஷ் முறுக்கு. ஒவ்வொரு புரியையும் வெளிப்பக்கமாக முறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றை உட்பக்கமாகப் புரட்டினால் வில்முனையில் மாட்டும் கண்ணி தானாகவே பூட்டிக்கொள்ளும். தேன்மெழுகு தாராளமாக வேண்டும்.

ஓரிழை சுமார் 50 பவுண்டு தாங்கும். வில்லின் இழுவிசையைப் போல நான்கு மடங்கு தாங்கினால் போதும் என்பது பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் எனக்கு நான்கு இழையே போதும். ஆனால் அவ்வளவு மெல்லிய நாணில் குதை, அதாவது அம்பின் அடியில் நாண் மாட்டும் பிளவு, நிற்காது, விரலும் அறுபடும். பருமனுக்காகத்தான் 14. நடுவில் சுற்றுநூல் சுற்றிய பிறகு அம்பைக் குதையால் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். அது தொங்க வேண்டும், நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். டேக்ரானில் இந்தப் பொருத்தம் எளிதாக அமைகிறது.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அது நான்கு ஆண்டுகளாகத் தீரவில்லை. புது நாணை ஏற்றி, கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே ஆறே முக்கால் அங்குலம் வைக்கிறேன். முப்பது அம்பு எய்வதற்குள் நாண் நீண்டு, இடைவெளி ஆறரை ஆகிவிடுகிறது. மறுநாள் ஆறேகால். நாண் மணிக்கட்டில் அறைகிறது, அம்பு வேறு இடத்தில் தைக்கிறது. நாணை இறக்கி, கண்ணியைக் கழற்றி, ஐந்தாறு முறுக்குக் கூட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் நாண் சுருள்கம்பி போலத் துள்ளத் தொடங்கும். இழுத்துவிட்டால் திரும்பி வரும் நீட்சியை நான் குறை சொல்லவில்லை. எய்யும் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு வில்முனையைக் காப்பதே அதுதான். திரும்பி வராத நீட்சிதான் என் பொறுமையைத் தின்கிறது. அதில் ஒரு பங்கு கண்ணியின் முறுக்கு இறுகுவதால் வருவது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பழியும் நூலுக்கு உரியதல்ல.

இந்த எரிச்சலில்தான் ஓராண்டு டைனீமா வகை நூலுக்கு மாறினேன். அதுவும் செயற்கை நூல்தான், ஆனால் நீளாதது. இடைவெளி அசையவே இல்லை. அம்பும் விரைவாகப் போனது. ஆனால் நீளாத நாண் அதிர்ச்சி முழுவதையும் மரத்துக்கே கொடுக்கிறது. முனையில் கொம்போ எலும்போ ஒட்டி வலுப்படுத்தாத வில்லுக்கு அது ஆகாது. என் வில்லின் மேல்முனை வெட்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நகத்தை வைத்தால் நகம் மாட்டியது. இந்தப் பழுதுபார்ப்பு அதனால் வந்ததுதான்.

இடையில் ஒரு பருவம் லினன் நாண் போட்டிருந்தேன். ஆளிச்செடி நாரில் நூற்ற நூல். ஓரிழை பத்துப் பவுண்டு தாங்கியது; அந்தப் பழைய கணக்குப்படி 18 இழை வைத்தேன். நூலை இழுக்கும்போதே விரலில் நாரின் சொரசொரப்புத் தெரியும், மெழுகு ஏற ஏற அது வழவழப்பாகி வெண்கல நிறம் கொள்ளும். ஏற்றிய முதல் நாளே இடைவெளி நிலைத்துவிட்டது. விரலால் சுண்டினால் தெளிவான, நீண்டு நிற்கும் ஓர் ஒலி. நாணொலி என்ற சொல்லை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது காதில் விழுந்தது அன்றுதான். நம் மரல் செடியின் நாரும் ஒரு காலத்தில் வில் நாணுக்கே போனது என்பார்கள். அதுவும் இப்படித்தான் ஒலித்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாண் ஒருநாள் முழு இழுப்பிலிருந்து விட்ட கணத்தில், அம்பு மாட்டும் இடத்துக்குக் கீழே அறுந்தது. முன்னறிவிப்பே இல்லை. நாண் அறுந்தால் அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்புகிறது. வில் பிளக்காதது பெரிய விஷயம். டேக்ரான் அப்படிச் செய்யாது. கண்ணியில் முதலில் பஞ்சு பிரியும், பிறகு ஓரிழை விடும், நமக்கு நாள் கொடுக்கும். எந்த வில்லிலும் அச்சமின்றிப் போடலாம், கற்பதற்கும் அதைவிட நல்ல நூல் கிடையாது. நண்பருக்குச் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.

ஆனால் என் வில்லுக்கு அது இனி வேண்டாம். நேற்று மாலை, பழுதுபார்த்த வில்லில் புது டேக்ரான் நாணை ஏற்றி இருபது அம்பு எய்து, அளவுகோலை வைத்தேன். ஆறரை. நாணை இறக்கி, மிச்சமிருந்த நூலையும் அதோடு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். மேசைமேல் இப்போது லினன் இருக்கிறது. இந்த முறை 24 இழை. முதல் புரிக்கு மெழுகு பூசியாகிவிட்டது.