மூன்று வயதுப் பிள்ளையின் பில்லில் ‘மெஷ் – 1’

காரைக்குடிப் பக்கம் பிள்ளைக்குக் குடலிறக்க ஆபரேஷன் பார்க்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

பையனுக்கு மூன்று வயது, பன்னிரண்டு கிலோ. அழும்போது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். போன தனியார் மருத்துவமனையில் “இன்னைக்கே சேர்க்கலைன்னா குடல் அழுகிரும்” என்றார்கள். நான்கு ராத்திரி படுக்க வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று தந்த பில்லில் மூன்றே வரி: ஆபரேஷன், மருந்து, இதர செலவு. விவரமான பில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் முழுக் கணக்கு வந்தது. அதில் ஒரு வரி, ‘மெஷ் – 1’, அதாவது தசையைத் தாங்க உள்ளே வைக்கும் வலை ஒன்று.

சின்னப் பிள்ளைகளின் தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்கு வழக்கமாக மெஷ் வைப்பதில்லை. பெரியவர்களுக்குத் தசை தளர்ந்து விலகுவதால் வலை வைத்துத் தைக்கிறார்கள். பிள்ளைக்குத் தசை நன்றாகத்தான் இருக்கும். வயிற்றுக்குள் இருந்து விதை இறங்கி வந்த பாதை மூடாமல் நின்றுவிட்டது, கோளாறு அவ்வளவுதான். அந்தப் பாதையில் பை மாதிரி நிற்கும் சவ்வைப் பிரித்து, பையின் கழுத்தில் கட்டிப்போட்டால் வேலை முடிந்தது. உண்மையிலேயே மெஷ் வைத்திருந்தால் அந்தப் பெட்டியின் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் (மருத்துவமனை எழுதி வைக்கும் சிகிச்சைக் குறிப்பில்) ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கரைக் காட்டுங்கள் என்றதும் அந்த வரியை அடித்துவிட்டார்கள்.

அதே பில்லில் 18 கேஜ் அளவு வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் ஊசிக் குழாய்) ஆறு. 18 என்றால் பச்சை மூடி, பெரியவர்களுக்குப் போடுவது. இந்த வயதுக் கைக்கு மஞ்சள் 24, மிஞ்சினால் நீலம் 22. பையன் புறங்கையில் பிளாஸ்திரிக்கு வெளியே தெரிந்தது மஞ்சள்தான். கடைசி நாள் வரை அந்த ஒன்றேதான் இருந்தது. வார்டில் இருக்கும்போதே தினமும் போன் கேமராவில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நான்கு ராத்திரியும் தேவையில்லை. வேறு நோய் இல்லாத, ஒரு வயது தாண்டிய பிள்ளையை இந்த ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தை என்றால் மூச்சைக் கவனிக்க ஒரு ராத்திரி வைப்பார்கள், அது நியாயம்.

‘இன்றைக்கே’ என்பது எப்போது உண்மை? வீக்கம் கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், சிவந்து, பிள்ளை வாந்தி எடுத்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள், பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். உள்ளே போய் வருகிற வீக்கத்துக்கு வேறொரு டாக்டரிடம் கேட்க அவகாசம் உண்டு. மாதக்கணக்கில் தள்ளத்தான் கூடாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பட்டினி போட்டதுதான் மனசு ஆறவில்லை. முதல் நாள் ராத்திரி எட்டு மணியோடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். தியேட்டருக்குக் கொண்டுபோனது மறுநாள் மதியம் ஒன்றரைக்கு. சாப்பாடும் பசும்பாலும் ஆறு மணி நேரம், தாய்ப்பால் நான்கு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். எத்தனை மணிக்கு மயக்க மருந்து என்று கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள், மயக்க மருந்து டாக்டரிடம் அதை உறுதிப்படுத்துங்கள். அதே சமயம் அப்பத்தா பாவம் பார்த்து அரை பிஸ்கட்டைக்கூட ஊட்டிவிடக் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பாராசிட்டமால் சிரப் 7.5 மி.லி.’ என்று மட்டும் இருந்தது. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் இவனுக்கு 180 மி.கி. வேண்டும். 120 சிரப்பில் 7.5 மி.லி. சரி. மருந்துக் கடையில் கொடுத்ததோ 250. ஊற்றியிருந்தால் இரண்டு மடங்கு போயிருக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்), இந்த ஆபரேஷன் அந்த மருத்துவமனையில் திட்டத்தில் வருகிறதா என்று பில் கவுண்டரில் கேட்காதீர்கள், 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்கள். திட்டத்தில் அனுமதி வந்த சிகிச்சைக்கு “மருந்துக்கு மட்டும் தனியா கட்டுங்க” என்று வாங்கக் கூடாது.

கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். புகாரைச் சிவகங்கையில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்பலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மெஷ் பணம் திரும்பி வந்தது. வென்ஃப்ளான் கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை, அந்தப் படங்களோடு புகார் போயிருக்கிறது.