ஃபைபர் படகுக்கு மெழுகா, பாலிமரா, பெயிண்டா? இராமநாதபுரம் கரைக்கு எது சரி

சில வருடம் வெயிலில் கிடந்த ஃபைபர் படகின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் ஜெல்கோட் கரையத் தொடங்கிவிட்டது. ஃபைபருக்கு மேலே இருக்கும் அந்த நிற அடுக்கின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். படகின் நிறமும் மினுமினுப்பும் அதில்தான் இருக்கிறது. ஈரம் உள்ளே இறங்காமல் தடுப்பதும் அதுதான். எந்த வழியைத் தேர்ந்தாலும் அந்த அரை மில்லிமீட்டரைக் காப்பாற்றுகிறதா, தேய்க்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நம் கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு: நல்ல தண்ணீர். குடிக்கிற தண்ணீரையே குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிற கடற்கரை ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. பூச்சு டின்னில் எழுதியிருக்கும் செய்முறை, குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் கொட்டும் என்று நினைத்து எழுதப்பட்டது. மண்டபத்திலோ ஏர்வாடியிலோ கரையில் ஏற்றிப் போட்ட படகுக்கு அது அப்படியே ஒத்துவராது. அதனால், எந்தப் பூச்சுக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன்.

முதலில், பலர் செய்வது: டீசலிலோ தேங்காய் எண்ணெயிலோ துணியை நனைத்துத் துடைப்பது. துடைத்தவுடன் படகு புதுசு போலத்தான் தெரியும். வெளுத்த பரப்பில் எண்ணெய் ஊறி நிறத்தை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். வெயிலைத் தடுக்கும் சக்தி அதில் இல்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கரையில் பறக்கிற மணல் முழுக்க அந்த எண்ணெயில் வந்து ஒட்டும். டீசலாக இருந்தால் அடுத்த அலையில் கடலில் கலக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அந்தப் பவளப் பாறையை ஒட்டித்தான் நம் பிழைப்பு. டீசல் துடைப்பை நான் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன்.

உண்மையான போட்டி பேஸ்ட் மெழுகுக்கும், பரப்பில் ஒட்டி மெல்லிய படலமாக நிற்கும் செயற்கைப் பூச்சான பாலிமர் சீலன்ட்டுக்கும்தான்.

நல்ல பேஸ்ட் மெழுகில் கார்னாபா இருக்கும். பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது; இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் நம் வெயிலுக்கு வழிந்து ஓடாது. ஆனால் உப்பும் வெயிலும் சேர்ந்து அதை மெல்ல அரித்துவிடும். தினமும் தொழிலுக்குப் போகிற படகில் இரண்டு மாதம் தாங்கினால் நல்லது. பாலிமர் அதைவிட நீண்ட நாள் நிற்கும், புற ஊதாக் கதிரையும் மெழுகைவிட நன்றாகத் தாங்கும். காகிதத்தில் பார்த்தால் பாலிமர்தான் ஜெயிக்கிறது.

கரையில் பார்த்தால் கதை வேறு. பாலிமர் பிடிக்க வேண்டுமானால் பழைய மெழுகு, எண்ணெய், உப்பு எதுவுமே மிச்சமில்லாமல் கழுவி, முழுக்க உலர்த்தி, பூசிய பிறகும் பல மணி நேரம் ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். பாம்பனில் ஒரு இரவு திறந்த வெளியில் கிடக்கும் படகு காலையில் தொட்டால் பிசுபிசுக்கும். உப்புக் காற்று அப்படி. அந்த உப்பின் மேல் பூசிய பாலிமர் திட்டுத்திட்டாக உரியும். கொட்டகையும் தாராளமாகத் தண்ணீரும் உள்ளவர்களுக்கு, அல்லது மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் சுற்றுலாப் படகுக்கு, பாலிமர் சரியான தேர்வு. தொழில் படகுக்கு என் ஓட்டு மெழுகுக்குத்தான். ஓரிடத்தில் தேய்ந்துபோனால் அந்த இடத்தை மட்டும் கழுவித் துடைத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஒரு முழுப் படகுக்கு ஆகும் தண்ணீர் இல்லாமல் சில குடத்தில் வேலை முடியும்.

மெழுகு போடுவதில் நேரம்தான் முக்கியம். வெயில் ஏறிச் சூடான ஃபைபரில் போட்டால் உடனே இறுகிவிடும், தேய்த்து எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடும். விடியலில், அல்லது தார்ப்பாய் நிழலில், இரண்டடி இரண்டடியாகப் போட்டு, புகை படிந்தது போல் மங்கியதும் பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். அதற்கு முன் உப்பைக் கட்டாயம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புத் துகளோடு தேய்த்தால் ஜெல்கோட்டில் கீறல் விழும். முதல் கழுவலைக் கடல் தண்ணீரிலும் கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரிலும் வைத்துக்கொண்டால் சிக்கனம்.

கையில் பொடி ஒட்டும் படகுக்கு நேரடியாக மெழுகு போடாதீர்கள், நிற்காது. முதலில் ரப்பிங் காம்பவுண்டால், அதாவது நுண்ணிய துகள் கலந்த தேய்ப்புப் பசையால், அந்தப் பொடியை எடுக்க வேண்டும். ஓரடிப் பரப்பில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: நனைந்ததும் நிறம் திரும்பினால் காம்பவுண்டால் மீட்டுவிடலாம். மென்மையானதில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு தேய்ப்பும் அந்த அரை மில்லிமீட்டரிலிருந்துதான் போகிறது. அணியத்தின் (படகின் முன்பக்கம்) முனை, விளிம்புகளில் மெஷின் வைத்தால் சீக்கிரம் மெலிந்துவிடும். அங்கே கையால் மட்டும். பதிவு எண் எழுதிய இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். எண் அழிந்த படகோடு கடலுக்குப் போவது வீண் வம்பு.

கார் பாலிஷ் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். சிலிகான் கலந்ததாக இருந்தால் வேண்டாம். பின்னால் ஒரு விரிசலை அடைத்துப் பெயிண்ட் அடிக்கும்போது, சிலிகான் ஊறிய இடத்தில் பெயிண்ட் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக விலகும்.

பெயிண்ட் எப்போது? தண்ணீர் தெளித்தும் நிறம் திரும்பாமல், ஃபைபர் இழை வெளியே தெரியத் தொடங்கினால் மெழுகுக்குச் செலவழிப்பது வீண். இரண்டு டின் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்ட் விலை அதிகம்தான், ஆனால் மினுமினுப்பும் ஆயுளும் சாதாரண எனாமலைவிடப் பல மடங்கு. அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கக் கூடாது, அதற்குரிய முகக்கவசம் வேண்டும். எனாமல்தான் கைக்கு எட்டும் என்றால், நன்றாக உரசிப் பிரைமர் அடித்த பிறகே அடியுங்கள். இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் உரியும்.

மர வள்ளம், வத்தைக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. மரத்துக்கு மீன் எண்ணெய் ஊறுவதுதான் பழைய வழி, இன்றும் நல்ல வழி. மர விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எப்படியும் பெயிண்ட் அடிப்பார்கள். அங்கே மெழுகுக்கு வேலையே இல்லை.

ஃபைபர் படகிலும் மெழுகு வெளிப் பக்கத்துக்கு மட்டும்தான். எப்போதும் தண்ணீரில் மிதக்கும் படகானால் நீர்க்கோட்டுக்குக் கீழே பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட் தனி. நின்று வலை இழுக்கிற தளத்திலும், காலூன்றி நங்கூரம் வீசுகிற அணியத்திலும் மெழுகு ஒரு விரல்கூடப் படக்கூடாது, ஈரத்தில் ஆளையே கடலுக்குள் சறுக்கிவிடும். அங்கே சோப்பும் பிரஷும் போதும்.