அரிசி மாவில் மென்மையான ஐசிங் பிஸ்கட்: நான்கு ஆண்டு அனுபவம்

திருகோணமலையில் கோதுமையைத் தவிர்த்து வாழ்வது கொஞ்சம் வேடிக்கையான நிலைமைதான். நாட்டின் மிகப் பெரிய கோதுமை மா ஆலையான பிரிமா ஆலை எங்கள் சீனன்குடாவில்தான் இருக்கிறது; தானியக் கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்கு வந்து போகின்றன; விடிந்தால் சந்திக்குச் சந்தி பாண் மணக்கிறது. இந்த ஊரில், 2021ஆம் ஆண்டின் இறுதியில், எட்டு வயதாயிருந்த என் மகளுக்குச் சீலியாக் நோய் உறுதிசெய்யப்பட்டது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கிச் சிதைக்கும். இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் அந்தத் தானியங்களை விலக்குவது ஒன்றே வழி.

சாப்பாட்டில் பெரிய துன்பம் வரவில்லை. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்த கோதுமை மா கலக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு முழுக்க அரிசி மாவுக்குத் திரும்பியதோடு அது முடிந்தது. துன்பம் பிறந்தநாள்களில்தான் வந்தது. வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை பட்டர் ஐசிங் பூசிய, விரல் தடிப்புள்ள, கடித்தால் கேக் போல அமுங்கும் பிஸ்கட்டுகளைக் கொண்டுவந்து பகிர்ந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், அதைப்போல வேண்டும் என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை, மாதம் இரண்டு தடவையாவது அந்த பிஸ்கட்டைச் செய்து வருகிறேன்.

தொடக்கத்தில், குளூட்டன் இல்லாத கலவை மாப் பொதி ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். அதன் விலை கண்ணைக் கட்டியது; பலனும் அதற்கேற்றதாக இல்லை. பிஸ்கட் விளிம்பில் மொறுமொறுப்பாகவும் நடுவில் மணலாகவும் வந்தது. 2022இல் இறக்குமதிப் பொருள்கள் கடைகளிலிருந்து மறைந்தபோது அந்தப் பொதியும் மறைந்தது, ஒருவகையில் அதுவே நல்லதாயிற்று. வீட்டிலிருக்கும் அரிசியை நம்பியாக வேண்டிய நிலை வந்த பிறகுதான், கோதுமை பிஸ்கட்டின் செய்முறையில் மாவை மட்டும் மாற்றிப் போட்டால் காரியம் ஆகாது என்பது எனக்கு விளங்கியது.

கோதுமை மாவில் தண்ணீர் பட்டவுடன் குளூட்டன் வலையாகப் பின்னிக்கொண்டு ஈரத்தையும் காற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அரிசி மாவில் அந்த வலை இல்லை. அதன் துணிக்கைகளும் தண்ணீரை மெதுவாகவே உள்ளிழுக்கின்றன. குழைத்த உடனேயே ஓவனுக்குள் வைத்தால், துணிக்கைகள் ஊறுவதற்கு முன்பே ஈரம் ஆவியாகிப் போய்விடுகிறது, நாக்கில் மணல் தட்டுப்படுகிறது. இந்த விளக்கத்தையெல்லாம் நான் பின்னர்தான் படித்து அறிந்தேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ தோற்றுப்போய் நின்றபோது, அடுப்படி வாசலில் இருந்த என் அம்மா, “பிட்டு மாவையே குழைச்ச கையோட நீத்துப்பெட்டியில போடமாட்டாய், இதை மட்டும் ஏன் அவசரப்படுத்துறாய்? மாவுக்கு ஊற நேரம் குடு பிள்ளை” என்று சொன்னார். அடுத்த கலவையை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சுட்டேன். மணல் போய்விட்டது.

மாவை அரைக்கும் முறையும் இதே அளவுக்கு முக்கியம். வெள்ளைப் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டாத பதத்தில் கிரைண்டரில் அரைத்து, கண் நெருங்கிய அரிதட்டில் இரண்டு தடவை அரித்து, பிறகு வெயிலில் காயவைத்து எடுக்கிறேன். உலர்ந்த அரிசியை அப்படியே அரைத்தால் இந்த நயம் வருவதில்லை. இடியப்பத்துக்குப் போல மாவை வறுத்தும் பார்த்தேன்; வாசனை அருமையாக இருந்தது, ஆனால் வறுத்த மா கலவையின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு பிஸ்கட்டை உலரவைத்தது. வெளியே மில்லில் கொடுத்து அரைப்பதை முற்றாக நிறுத்திவிட்டோம், ஏனென்றால் அதே இயந்திரத்தில் சற்றுமுன் யாராவது கோதுமை அரைத்திருக்கக்கூடும். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்வதற்குச் சர்வதேச உணவு நியமம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம் மட்டுமே. இயந்திரத்தின் மூலையில் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மாவே அதைத் தாண்டிவிடும்.

இப்போது நான் நிலையாகப் பின்பற்றும் அளவு ஏறத்தாழ 24 பிஸ்கட்டுகளுக்கானது. அரிசி மா 180 கிராம், சோளமா (வெள்ளை நிறக் கோர்ன்ஃபிளவர்) 60 கிராம், சவ்வரிசியைப் பொடித்து அரித்த மா 60 கிராம், குளூட்டனுக்குப் பதிலாக மாவைப் பிணைக்கும் சாந்தன் கம் என்ற தூள் முக்கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா (பேக்கிங் சோடா) கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து அரித்துக்கொள்கிறேன். நம் கடைகளில் கிடைக்கும் 227 கிராம் பட்டர் கட்டியைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை 150 கிராம் சீனியுடன் நுரைக்க அடித்து, ஒரு முட்டையையும் கூடுதலாக ஒரு மஞ்சட்கருவையும் சேர்த்து, நீர் வடித்த கட்டித் தயிர் 100 கிராமும் வனிலாவும் இட்டு, அரித்த மாவை அதில் கலக்கிறேன். நம் சீனி பருமனாக இருப்பதால் அதையும் ஒரு சுற்று அரைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் கரையாத சீனி பிஸ்கட்டை ஓவனில் பரவச் செய்துவிடும்.

மேல்நாட்டுச் செய்முறைகள் புளித்த கிறீமைக் கேட்கின்றன. எங்கள் பக்கத்தில் சட்டியில் உறையவைத்து விற்கப்படும் எருமைத் தயிரை இரண்டு மணி நேரம் துணியில் கட்டித் தொங்கவிட்டால், அதைவிடச் சிறந்த பொருள் கிடைக்கிறது என்பது என் துணிபு. தயிரின் கொழுப்பு மென்மையைத் தருகிறது. அதன் புளிப்பு அப்பச்சோடாவோடு சேர்ந்து பிஸ்கட்டை மேலே தூக்குகிறது. தயிர் இல்லாமல் பாலை மட்டும் ஊற்றிச் செய்த நாள்களில் வந்தவை தட்டையான, இனிப்பான தகடுகள்.

கலவை ஒட்டும், அதைக் கண்டு மேலும் மாவைப் போடக்கூடாது. முதல் ஆண்டு முழுவதும் நான் செய்த பிழை அதுதான். ஊறிய பிறகு அது தானாகவே இறுகிவிடும். குறைந்தது ஒரு மணி நேரம், இயன்றால் ஓரிரவு குளிரவைத்து, உருண்டைகளாக்கி, அரிசி மாவில் தோய்த்த கண்ணாடிக் குவளையின் அடியால் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு அழுத்திவிடுகிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், கலவையைக் குளிரவைப்பதற்கும் ஓவனை மூட்டுவதற்கும் மின்சார நேரத்தைக் கணக்கிட்டே இதைச் செய்யவேண்டியிருந்தது; நள்ளிரவில் எழுந்து சுட்ட நாள்களும் உண்டு.

எங்களுடையது மேசையில் வைக்கும் சிறிய மின் ஓவன். அதன் திருகில் எழுதியுள்ள பாகையை நம்பி ஒரு வருடத்தை வீணாக்கினேன். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி அளந்தபோது, 170 என்று காட்டும் இடத்தில் உண்மையில் 195 பாகை செல்சியஸ் இருந்தது. இந்த வேலைக்காக நான் வாங்கியவற்றில் மிகவும் பயன்பட்டது அந்தச் சிறிய கருவிதான். இப்போது உண்மையான 170 பாகையில், கீழ்ச் சூடு உறைக்காதிருக்க இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பத்து நிமிடங்கள் சுடுகிறேன். எடுக்கும்போது நடுப்பகுதி இன்னும் வேகாததுபோல மங்கலாகத்தான் இருக்கும். மேற்புறத்தில் பொன்னிறம் தெரியத் தொடங்கினால் மென்மை போய்விட்டது என்று பொருள். சூடாக இருக்கையில் தொட்டால் உடைந்துவிடும் என்பதால், கால் மணி நேரம் தட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

சாந்தன் கம்முக்கு மாற்றாக, பாமசியில் எளிதாகக் கிடைக்கும் இசப்கோல் உமியைப் பொடித்துப் போட்டிருக்கிறேன். பரவாயில்லை, நிறம் சற்று மங்கி, உள்ளே பாண் போன்ற தன்மை வருகிறது. இரண்டும் இல்லாமல் செய்தால் பிஸ்கட் கையிலெடுக்கும்போதே உதிர்கிறது. ஒரு தேக்கரண்டிக்கு மேல் சாந்தன் கம் போட்டால் றப்பர். மற்ற மாக்களில், 40 கிராம் அரிசி மாவைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் அரைத்த கஜு சேர்த்தது மிகச் சிறப்பாக வந்தது, ஆனால் கஜுவின் விலையில் அது பெருநாள்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். குரக்கன் மா சுவையானது, இந்த பிஸ்கட்டுக்கு அது வறட்சி. காயவைத்த பனங்கிழங்கை அரைத்த ஒடியல் மாவிலும் ஒருமுறை செய்தேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போதும் பேசுவதில்லை.

ஐசிங்தான் திருகோணமலையில் உண்மையான சோதனை. எஞ்சிய பாதிப் பட்டருடன் 250 கிராம் ஐசிங் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, வனிலா, ஒரு மேசைக்கரண்டி பால் என்பதே அடிப்படை. பட்டர் முப்பது பாகைக்கு மேல் தளர்ந்து உருகத் தொடங்குகிறது. கச்சான் எனப்படும் வெப்பமான தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் அடுப்படியோ நண்பகலில் அதைத் தாண்டி நிற்கிறது. கிண்ணத்திலேயே ஐசிங் பளபளத்துக் குழம்பாகிவிடும். பட்டரில் மூன்றிலொரு பங்கை வெள்ளைத் தாவரக் கொழுப்பாக மாற்றினால் நிற்கிறது, ஆனால் அண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும் அந்த உணர்வை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குக் கைகொடுத்தது பால்மா. பாலை அரைவாசியாகக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி முழு ஆடைப் பால்மாவை அரித்துச் சேர்த்தால் ஐசிங் இறுகுவதோடு சுவையும் திரள்கிறது. விடியற்காலையில் அடித்துப் பூசி, மேற்பரப்பு காயும்வரை கால் மணி நேரம் குளிரில் வைத்துவிடுவேன். இளஞ்சிவப்பு நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி பீற்றூட் சாறு போதும். மேலே தூவும் வண்ண மணிகளை வாங்குவதானால் பொருட்பட்டியலைப் படித்துத்தான் வாங்க வேண்டும். சிலவற்றில் கோதுமை மாச்சத்து இருக்கிறது. பேக்கிங் பவுடருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

சேமிப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிஸ்கட் மென்மையாக இருப்பதற்கு டப்பாவுக்குள் ஒரு துண்டுப் பாண் வைக்கச் சொல்லும் குறிப்பை எங்கும் காணலாம். அந்தத் துண்டு இந்த பிஸ்கட்டின் நோக்கத்தையே கெடுத்துவிடும். அரிசி மாவில் செய்தவை இரண்டாம் நாள் மாலைக்குள் இறுகத் தொடங்குகின்றன, குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண தட்டில் வைத்தால் இன்னும் விரைவாக இறுகுகின்றன. ஆகவே, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மிகுதியை ஐசிங் பூசாமல் உறைநிலைப் பகுதியில் வைக்கிறேன். ஒரு மாதம் கழித்து எடுத்தாலும், அரை மணி நேரத்தில் சுட்ட நாளின் பதத்துக்கு ஏறக்குறைய வந்துவிடுகின்றன. மாரி மழைக் காலத்தில் எதிர்மாறான தொல்லை: ஐசிங்கின் சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வியர்க்கிறது. அந்த மாதங்களில் பூசிய உடனேயே சாப்பிட்டு முடிப்பதைத் தவிர வேறு வழியை நான் காணவில்லை.

பாத்திரங்களில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. அரிதட்டு, மரக்கரண்டி, சுடும் தட்டு ஆகியவை இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு பெட்டியில் இருக்கின்றன. என் கணவருக்குக் கோதுமை ரொட்டி சுடும் நாளில் பிஸ்கட் செய்வதில்லை, ஏனெனில் பறந்த மா எங்கே போய்ப் படிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

செலவு, ஒரு தடவைக்கு, கோதுமையில் செய்வதைவிடக் கூடத்தான். அரிசியோ சவ்வரிசியோ அதற்குக் காரணமல்ல, சாந்தன் கம்மும் பட்டரும்தான். சாந்தன் கம்மைக் கொழும்பில் கேக் பொருள்கள் விற்கும் கடையிலிருந்து வருடத்துக்கு ஒரு போத்தல் வரவழைக்கிறேன்.

இன்னமும் தீராதது பாடசாலைப் பெட்டிதான். காலை ஏழு மணிக்கு அழகாகப் பூசி அடுக்கி அனுப்பினால், இடைவேளைக்குள் ஐசிங் முழுவதும் மூடியின் உட்புறத்தில் இருக்கும். பால்மாவும் அந்த வெக்கையில் தோற்றுவிடுகிறது. இப்போதைக்கு பிஸ்கட்டைத் தனியாகவும், ஐசிங்கை ஒரு சின்ன டப்பாவில் தனியாகவும் கொடுத்துவிடுகிறேன். மகள் இடைவேளையில் கரண்டியின் பின்புறத்தால் தானே பூசிக்கொள்கிறாள், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பூசிக் கொடுக்கிறாளாம்.